அஞ்சலையின் பித்தப்பையை இரண்டு தடவை படம் எடுத்தோம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஒதியம்பட்டில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கோவையாக எழுத வராது. ஒன்றை எழுதும்போது இன்னொன்று மறந்துபோகும், மறந்தது சம்பந்தமில்லாத இடத்தில் வந்து நிற்கும். ஆஸ்பத்திரி வேலைக்குப் புதிதாக வருகிற பெண்கள் படிப்பதற்குப் பழைய ஆட்கள் நாலு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். மேடையில் பேசச் சொல்லியிருந்தால் அன்றைக்குக் காய்ச்சல் என்று படுத்திருப்பேன். எழுதும்போது எதிரில் யாரும் இல்லை, அது ஒரு வசதி.

1. பவுடர் போட்டு வந்தவர்கள்

அறுபதுகளின் கடைசியில் பாண்டி டவுனில் ஒரு ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே ரூமில் அட்டெண்டர் வேலைக்குச் சேர்ந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். பேர் கூப்பிடுவது, பெண்களுக்குத் துணி மாற்றிவிடுவது, டேபிளில் படுக்க வைப்பது, டார்க் ரூமில் கழுவிய ஃபிலிமைக் கிளிப்பில் மாட்டிக் காய வைப்பது, கூட்டுவது, இதுதான் என் வேலை. படம் எடுக்கிற டெக்னீஷியனை எல்லோரும் ஃபிலிம் சார் என்பார்கள். நல்ல மனிதர், வாய்தான் நீளம்.

முதல் நாளே ஒரு அம்மா முகம் நிறைய பவுடர் அப்பி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு நெஞ்சுப் படம் எடுக்க வந்தது. ஃபிலிம் சார் என்னைப் பார்த்து, "செசிலி, அந்தம்மாகிட்ட சொல்லு, நம்ம போட்டோவுல பவுடர் வுழாது, எலும்புதான் வுழும்னு" என்றார். எனக்கு அதைச் சொல்லக் கூச்சம். பூவை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினேன். அந்தக் கூச்சம் வேலையில் இருந்த காலம் முழுக்க என்னை விடவில்லை. அதனால் எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. சொல்ல வேண்டியதை மட்டும், மனப்பாடமாக, ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். அந்த வழக்கத்தால் வந்த தப்பைத்தான் இனி சொல்லப் போகிறேன்.

2. ஆறு மாத்திரை

இப்போது பித்தப்பையில் கல் என்றால் வயிற்றின் மேல் பசை தடவி, ஸ்கேன் கருவியை ஓட்டிப் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுகிறார்கள். அன்றைக்கு அது எங்களிடம் இல்லை. சாதாரண எக்ஸ்ரேயில் பித்தப்பை தெரியாது. அதில் இருக்கிற கல்லும் பெரும்பாலும் தெரியாது. அதற்காக ஒரு மாத்திரை உண்டு. அதை முதல் நாள் ராத்திரி விழுங்கினால் மருந்து ஈரல் வழியாகப் பித்தத்தோடு கலந்து, பித்தப்பையில் போய்ச் சேர்ந்து நிற்கும். மறுநாள் காலையில் படம் எடுத்தால் பை வெள்ளையாகத் தெரியும். கல் இருந்தால் அந்த வெள்ளையில் கருப்பாகத் தெரியும்.

இதில் ஒரு கண்டிஷன். ராத்திரிச் சோற்றில் கொழுப்பே இருக்கக் கூடாது. கொழுப்பு உள்ளே போனால் அதைச் செரிக்க வைக்கப் பித்தப்பை சுருங்கிப் பித்தத்தைக் குடலுக்குள் பீய்ச்சிவிடும். மருந்தும் அதோடு போய்விடும். காலையில் பை காலி, படத்தில் ஒன்றும் இருக்காது.

மாத்திரை கொடுத்து இதைச் சொல்லி அனுப்புவது என் பொறுப்பு. நான் சொல்லும் பாடம் இதுதான்: "எண்ணெய், நெய், கறி, முட்டை, பால் தொடக் கூடாது. ராத்திரி எட்டு மணிக்கி மாத்திரை, ஒண்ணு முழுங்கி அஞ்சு நிமிஷம் வுட்டு இன்னொண்ணு, ஆறு மாத்திரை. அதுக்கப்புறம் பச்சத்தண்ணிதான். காலையில வெறும் வயித்துல வரணும்."

3. அஞ்சலை

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள், பண்டசோழநல்லூரிலிருந்து அஞ்சலை என்கிற பெண்ணும் அவள் புருஷன் கலியபெருமாளும் வந்தார்கள். அவளுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். மூன்று பிள்ளை பெற்றவள், கூலி வேலை. அவர் ஒருவர் நிலத்தில் மோட்டார் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறவர்.

அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி. பிடித்தால் முதுகுப் பக்கம் தோள்பட்டை வரைக்கும் ஏறும். வாந்தி வரும். இரண்டு மூன்று மணி நேரம் துடித்துவிட்டு, அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து சோறு வடிப்பாள். இப்படி நாலு வருஷம். ஓமத்தண்ணீர், சோடா, மந்திரிப்பு, வாழைத்தண்டுச் சாறு எல்லாம் ஆயிற்று. வாழைத்தண்டு குடித்தால் கல் போகும் என்று ஜனங்கள் சொல்வது மூத்திரக் கல்லுக்கு. பித்தப்பை வேறு, அதற்கும் மூத்திரப் பைக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் அடிக்கடி சொல்வார்.

வலியைவிட அவளுக்குப் பெரிய கஷ்டம், யாரும் நம்பவில்லை என்பது. அவளுக்கு வலி அதிகமாக வருவது மல்லாட்டை அறுப்புக் காலத்தில். அதாவது நிலக்கடலை பிடுங்கி ஆய்கிற காலம். கூட வேலை செய்கிற பெண்கள் வாய்விட்டே சொல்லிவிட்டார்களாம்: "கொல்லியில வேல வந்தா அஞ்சலைக்கி வவுத்துல வலி வந்துடும்." கொல்லி என்றால் நிலம். வேலையில் அவளை ஜோடி சேர்த்துக்கொள்ள ஆள் இல்லை. கலியபெருமாளும் அதைத்தான் நினைத்தார். என் எதிரிலேயே சொன்னார்:

"நான் இட்டுக்கினு போவாத எடம் இல்லம்மா. இதான் கடைசி. இதுலயும் ஒண்ணும் இல்லன்னு வந்துட்டா, இனிமே ஆஸ்பத்திரின்னு இவ வாயத் தொறக்கக் கூடாது."

அஞ்சலை தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு இன்னா ஆசையா?" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

நான் என் பாடத்தை ஒரே மூச்சில் சொல்லி மாத்திரையைக் கொடுத்தேன்.

4. படத்தில் அமாவாசை

மறுநாள் காலை அவள் வெறும் வயிற்றோடு வந்தாள். படம் எடுத்தோம். நான் ஃபிலிமைக் கழுவிக்கொண்டு வந்து கொடுத்தேன். ஃபிலிம் சார் அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு, "இன்னா செசிலி, பித்தப்பைய எடுக்கச் சொன்னா அமாவாசைய எடுத்து வெச்சிருக்கோம்" என்றார். விலா எலும்பு தெரிந்தது, முதுகெலும்பு தெரிந்தது. பை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

"எண்ணெய் சாப்பிட்டியாம்மா?" என்று சார் கேட்டார்.

"மாதா சத்தியமா ஒரு சொட்டு தொடல சார்" என்றாள் அஞ்சலை. அவள் கோயில் கும்பிடுகிறவள்தான். நான் கழுத்தில் மாட்டியிருந்த மாதா பதக்கத்தைப் பார்த்து, எனக்காக அந்தச் சத்தியம்.

"மாத்திரையத் துப்புனியா? வாந்தி எடுத்தியா?"

"இல்ல சார்."

பை தெரியவில்லை என்று சார் சீட்டில் எழுதினார். அப்படி எழுதினால் அர்த்தம் இரண்டு. ஒன்று, மருந்து போய்ச் சேரவில்லை, திரும்ப எடுக்க வேண்டும். இல்லை, பையே கெட்டுப்போய் அடைத்துக்கொண்டிருக்கிறது. எதுவென்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். காத்திருக்கச் சொன்னோம். கலியபெருமாள் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்ல, பாத்துக்க" என்றார் பெண்டாட்டியிடம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அலுத்துப்போன குரல். "கௌம்பு. பஸ்ஸுக்கு நேரமாவுது."

அவள் பின்னால் போனாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். துடைத்துவைத்த மாதிரி முகம்.

5. பெஞ்சுக்கு அடியில்

அவர்கள் போன பிறகு வெராண்டாவைக் கூட்டினேன். படம் எடுத்த பிறகு அஞ்சலை உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு அடியில் மல்லாட்டை ஓடும் சிவப்புத் தோலும் ஒரு கைப்பிடி கிடந்தது. "எந்தப் புண்ணியவதி" என்று முணுமுணுத்துக்கொண்டே வாரினேன். துடைப்பம் பாதியில் நின்றுவிட்டது.

நான் எண்ணெய் கூடாது என்றேன். மல்லாட்டையை யார் எண்ணெய் என்று நினைப்பார்கள்? செக்கில் ஆட்டினால்தான் எங்கள் ஊரில் அது எண்ணெய். அது வரைக்கும் அது காய். ஆய்கிற காலத்தில் மடியில் கட்டிக்கொண்டு கொறிப்பதை யாரும் சாப்பாடு என்றே கணக்கில் எடுக்க மாட்டார்கள். நானும் அப்படித்தான் கொறித்து வளர்ந்தவள். என் பாடத்தில் அது இல்லை. தேங்காய் இல்லை, எள்ளும் இல்லை. எத்தனை பேருக்கு இந்தப் பாடத்தை ஒப்பித்து அனுப்பியிருப்பேன்!

சாரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் தப்பு என்னுடையது என்று ஆகும். அப்போது எனக்கு வேலை நிரந்தரம் ஆகவில்லை. ஆனால் அதற்குள் பஸ் போய்விடுமே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். தெருவில் ஒரு ஆம்பிளையை நானாகக் கூப்பிட்டுப் பேசியது அதுவரை கிடையாது.

அவர்கள் ஊர்ப் பக்கம் போகிற நெட்டப்பாக்கம் பஸ் கிளம்பிவிட்டது. எதிரில் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, ஏறப் போறியா, இல்ல பஸ்ஸ ஆசீர்வாதம் பண்ணப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜன்னலில் அஞ்சலையைத் தேடிப் பிடித்தேன்.

"நேத்து ராத்திரி மல்லாட்டை தின்னியா?"

"ஆங். பொழுது சாஞ்சதுலேர்ந்து ஆஞ்சிக்கினு இருந்தோம். வாய் சும்மா இருக்குமா?"

"மாத்திர முழுங்கினப்புறமும்?"

"சாப்பிடலக்கா. சும்மா வாயில போட்டுக்கினன்."

"அதுலதாண்டி எண்ணெய் இருக்குது!" என்று கத்திவிட்டேன். அந்தக் குரல் என்னுடையதா என்று எனக்கே சந்தேகம். அப்புறம் கலியபெருமாளைப் பார்த்து, "படம் தப்பு. அவ பொய் சொல்லல. சரியாச் சொல்லாதது நான்தான். இன்னொரு தடவ இட்டுக்கினு வாங்க" என்றேன்.

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கண்டக்டர் விசில் ஊதினார். "வரன்மா" என்று ஒரு வார்த்தை சொன்னார். வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

திரும்பிப் போய் ஃபிலிம் சாரிடமும் டாக்டரிடமும் நடந்ததைச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. "மல்லாட்டையில பாதி எண்ணெய்தான்மா. நானும் சொல்லித் தந்திருக்கணும்" என்றார். ஃபிலிம் சார்தான் ஒரு வாரம் என்னை "செக்குக்காரம்மா" என்று கூப்பிட்டார்.

6. தாளிக்காத ரசம்

அடுத்த வாரம் வந்தார்கள். டாக்டர் மறுபடி மாத்திரை எழுதினார். அறுப்பு முடியவில்லை, ஊரில் இருந்தால் வாய் சும்மா இருக்காது என்று அஞ்சலையே சொன்னாள். அதனால் அவளை என்னோடு ஒதியம்பட்டுக்கு அழைத்துப்போனேன். நான் தனி ஆள், யாரையும் கேட்க வேண்டியதில்லை. சாயங்காலம் சோறு, தாளிக்காத ரசம், உப்பில் போட்ட எலுமிச்சங்காய். அவள் ஒரு வாய் வைத்துவிட்டு, "எக்கா, தெனமும் இதான் துன்றியா? கன்னியாஸ்திரிங்ககூட இத்தினி தவம் பண்ண மாட்டாங்க" என்றாள். அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன். எட்டு மணிக்கு மாத்திரையை ஒவ்வொன்றாக நானே கையில் கொடுத்தேன்.

காலையில் படம் எடுத்தோம். இப்போது பை தெரிந்தது. ஒரு சின்னக் கத்திரிக்காய் அளவு, வெள்ளையாக. அதற்குள் கருப்புக் கருப்பாக, சீத்தாப்பழத்தில் கொட்டை இருப்பது போல.

ஃபிலிம் சார் ஒரு பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

அத்தோடு முடியாது. இதற்குப் பிறகு வேண்டுமென்றே கொழுப்புள்ள சாப்பாடு கொடுத்து, பை எவ்வளவு சுருங்குகிறது என்று இன்னொரு படம் எடுப்பார்கள். இரண்டு முட்டை, வெண்ணெய் தடவிய ரொட்டி, பால். நான் தட்டை நீட்டியதும் அஞ்சலை முறைத்தாள்.

"ஒரு வாரமா எண்ணெய் எண்ணெய்னு உசுர வாங்கிட்டு, இப்ப வெண்ணெயா?"

சாப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் கை விலாவுக்குக் கீழே போனது. முகம் வேர்த்தது. டேபிளில் படுக்க முடியாமல் சுருண்டாள். சார் அவசரமாகப் படத்தை எடுத்தார், நான் நர்ஸைக் கூப்பிட ஓடினேன். காலை பஸ்ஸில் வந்திருந்த கலியபெருமாள் வாசலில் நின்றிருந்தார். நாலு வருஷமாக, வலி வரும் நேரத்தில் அவர் மோட்டார் கொட்டகையில் இருந்திருக்கிறார். வீட்டுக்கு வரும்போது அவள் எழுந்து வேலை செய்துகொண்டிருப்பாள். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார்.

ஊசி போட்டு வலி அடங்கியதும் உள்ளே வந்து, "இப்பிடித்தான் வருமா?" என்றார்.

"இதவிட ஜாஸ்தியா வரும்" என்றாள் அவள்.

அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து அவள் கழுத்து வேர்வையைத் துடைத்தார். நான் ஃபிலிமைக் கழுவ டார்க் ரூமுக்குள் போய்விட்டேன்.

7. தொட்டியை இடிப்பது

டாக்டர் இருவரையும் உட்கார வைத்துப் படத்தைக் காட்டிச் சொன்னார். அவர் சொன்னதில் எனக்கு ஞாபகம் இருப்பது இது. பித்தம் ஊறுவது ஈரலில். பை அதைச் சேர்த்துவைக்கும் இடம். பித்தம் கெட்டியாகிப் படிந்து கல்லாகிறது. பெண்களுக்கு, அதிலும் பிள்ளை பெற்றவர்களுக்கு அதிகம். கல் சும்மா கிடந்து தொந்தரவு இல்லை என்றால் எல்லோரையும் அறுப்பதில்லை. ஆனால் கொழுப்பு சாப்பிட்டதும் பை சுருங்கி, கல் பையின் வாயில் போய் அடைத்தால் வலி. கீழே குழாயில் இறங்கி அடைத்தால் காமாலை, காய்ச்சல், உயிருக்கே ஆபத்து. "அறுப்புக் காலத்துல வலி வருதுன்னு சொன்னீங்கல்ல, அது உண்மைதான். மல்லாட்டை தின்ன தின்ன பை சுருங்குது" என்றார்.

கலியபெருமாள் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் கேட்டார்: "கல்ல மட்டும் எடுத்துட்டு பைய வுட்டுடக் கூடாதா சார்?"

"விட்டா திரும்பவும் கல் வரும். பையோட எடுத்துடணும்."

"அப்ப சோறு எப்பிடிச் செரிக்கும்?"

"ஈரல் இருக்கே. பித்தம் நேரா குடலுக்குப் போயிடும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப மோட்டார் தண்ணியத் தொட்டியில வுடாம நேரா வாய்க்கால்ல வுடுற மாதிரி."

டாக்டர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு கிராமத்து ஆட்கள் யார் வந்தாலும் டாக்டர் அந்தத் தொட்டியைத்தான் சொல்வார்.

ஆபரேஷன் அந்த மாதமே நடந்தது. அப்போது இப்போது போலச் சின்ன ஓட்டை போட்டுச் செய்கிற வழி இல்லை. விலாவுக்குக் கீழே சாய்வாக ஒரு சாண் வெட்டு, பக்கத்தில் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு ரப்பர் டியூப், ஒரு வாரம் கழித்துத் தையல் பிரிப்பு. இருமினால் தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். கலியபெருமாள் ரத்தம் கொடுத்தார். எடுத்த கல்லைக் காலி பென்சிலின் ஊசிமருந்து பாட்டிலில் போட்டு வீட்டாரிடம் தருவது வழக்கம். பதினோரு கல். ஒன்றோடு ஒன்று உரசி, மூலை மழுங்கி, பொட்டுக்கடலை போல. அஞ்சலை பாட்டிலைக் குலுக்கிப் பார்த்து, "இத்தினியும் நான் செமந்துக்கினா கள எடுத்தன்?" என்றாள்.

டிஸ்சார்ஜ் அன்று பாட்டிலைக் கலியபெருமாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஊருக்குப் போனதும் நேராக மல்லாட்டை ஆயும் களத்துக்குப் போய், அந்தப் பெண்கள் நடுவில் அதைக் கொட்டிக் காட்டினாராம். "யார்னா எண்ணிப் பாக்குறிங்களா?" என்று கேட்டாராம். யாரும் எண்ணவில்லையாம். அடுத்த வருஷம் அவளைத் தங்களோடு ஜோடி சேர்த்துக்கொள்ள இரண்டு பேர் போட்டி போட்டதாகத் அந்தப் பக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடம் சொல்லி அனுப்பினாள்.

அதே அறுப்பில் கலியபெருமாள் வேறு இரண்டு பெண்களை அழைத்துக்கொண்டு வந்தார். ஒருத்தி, முன்பு அஞ்சலையைப் பற்றி அதிகம் பேசியவளாம். "இவங்களுக்கும் அங்கதான் நோவுதாம்மா. வூட்டுல யாரும் நம்பல. நீங்க கேக்குறதக் கேளுங்க" என்றார். ஒருத்திக்குக் கல் இருந்தது. பேசியவளுக்கு இல்லை, வயிற்றுப் புண். இருவருக்கும் வைத்தியம் நடந்தது.

8. நான் கற்றுக்கொண்டது

அதற்குப் பிறகு நான் பாடம் ஒப்பிப்பதை விட்டுவிட்டேன். "எண்ணெய் சாப்பிட்டியா" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும், அது பொய்யும் இல்லை. "பொழுது சாஞ்சதுலேர்ந்து தூங்குற வரைக்கும் வாயில இன்னா இன்னா போட்ட, ஒண்ணு வுடாம சொல்லு" என்று கேட்பேன். வெற்றிலையிலிருந்து ஆரம்பித்துத் தேங்காய்ச் சில்லு வரைக்கும் வரும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும், நேரம் ஆகும், கூச்சம் பார்த்தால் முடியாது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். படம் சரியாக விழவில்லை என்றால், நோயாளியைச் சந்தேகப்படுவதற்கு முன் நாம் என்ன சொல்லி அனுப்பினோம் என்று பாருங்கள்.

வைத்தியம் தெரிந்த யாராவது இதை ஒரு தடவை வாசித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாத்திரை ஆறு என்றுதான் ஞாபகம். டியூப் எத்தனை நாள், தையல் எத்தனாவது நாள், டாக்டர் சொன்னதை நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா, எல்லாவற்றையும் பார்த்துத் திருத்துங்கள். ஆனால் முதல் படம் கெட்டது யாரால் என்று நான் எழுதியிருப்பதை மட்டும் அடிக்க வேண்டாம். அதில் ஞாபகப் பிசகு இல்லை.